ஆரஞ்சு ஸ்பாஞ்ச் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, நுனி வெள்ளையாகுது, என்ன பண்றது?

நொய்யல்_ரீஃப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவைல இருந்து எழுதறேன். 3 அடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்கற கடல்தண்ணி தொட்டி, சம்போட (கீழ இருக்கற ஃபில்டர் தொட்டி) சேர்த்து 220 லிட்டர் தண்ணி இருக்கும், ஓட ஆரம்பிச்சு 14 மாசம் ஆகுது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ராயல் க்ராமா மீன், க்ளீனர் இறால் ஒண்ணு, கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம் பவளம், இவ்ளோதான்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கடைல மரம் மாதிரி கிளை கிளையா ஒரு ஆரஞ்சு ஸ்பாஞ்ச் (கடல் பஞ்சு, உயிருள்ள பிராணி) பாத்தேன், உள்ளங்கை அகலம், அந்த கலர பாத்துட்டு வாங்காம வர முடியல. கடைக்காரர் "இதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம் சார், தண்ணிலயே சாப்டுக்கும்"ன்னு சொன்னாரு, கையால தண்ணிக்கு வெளிய தூக்கி கவர்ல போட்டு குடுத்தாரு. கூடவே குழாய்க்குள்ள இருந்து விசிறி விரிக்கற ஃபெதர் டஸ்டர் புழு ஒண்ணும் வாங்கினேன். முதல் ஒன்றரை மாசம் ரெண்டும் சூப்பரா இருந்துச்சு, தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் அது முன்னாடி உக்காந்து பாக்கறதுதான் வேலையே. இப்ப பத்து நாளா ஸ்பாஞ்சோட ரெண்டு கிளை நுனில வெள்ளை படிஞ்ச மாதிரி இருக்கு, அந்த இடத்துல உடம்பு கண்ணாடி மாதிரி தெரியுது, முந்தாநேத்து இருந்து ஃபெதர் டஸ்டரோட விசிறியும் கழண்டு மணல்ல கிடக்கு, குழாய் மட்டும் நிக்குது.

வாரம் 2 தடவை கோரல் பவுடர் கலக்கி விடறேன். வேற என்ன பண்ணனும், இத காப்பாத்த முடியுமா? அடுத்து ஒரு ஃப்ளேம் ஸ்காலப் சிப்பியும் வாங்கலாம்னு இருந்தேன், இப்ப பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


அலைவாய் எழுதியது:

டெஸ்ட் ரீடிங் போடுங்க ப்ரோ. டெம்பரேச்சர், உப்பு, நைட்ரேட், கேஹெச் (தண்ணியோட காரத்தன்மை) எல்லாம். ஸ்கிம்மர் (நுரையோட அழுக்க எடுக்கற மெஷின்), யூவி லைட், கார்பன் ஃபில்டர் என்னென்ன ஓடுதுன்னும் சொல்லுங்க. முக்கியமா காப்பர் மருந்து சமீபத்துல போட்டீங்களா? ஸ்பாஞ்ச், புழு மாதிரி பிராணிங்களுக்கு அது விஷம். போட்டிருந்தா வேற எதையும் தேட வேண்டியதே இல்ல.


நொய்யல்_ரீஃப் எழுதியது:

காப்பர் போட்டதே இல்ல ப்ரோ. 26 டிகிரி, உப்பு 1.025, நைட்ரேட் 2 இல்லன்னா 5, கலர் பாத்து சரியா சொல்ல முடியல, பாஸ்பேட் கிட்டத்தட்ட ஜீரோ, கேஹெச் 8. ஸ்கிம்மர் 24 மணி நேரமும் ஓடுது, ஃபில்டர் சாக்ஸ் (துகள் புடிக்கற துணிப்பை) போட்டிருக்கேன், கார்பனும் எப்பவும் சம்புல இருக்கும், யூவி இல்ல. தண்ணி வீட்டு ஆர்.ஓ தான், போர் தண்ணில இருந்து வருது, மிச்ச உப்ப எடுக்கற டிஐ ஃபில்டர் இல்ல, அதனாலயோ என்னவோ கண்ணாடில பழுப்பா படியுது. அத தவிர தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், அதுல எனக்கு குறையே தெரியல.


உப்புத்தண்ணி எழுதியது:

நொய்யல் தம்பி, அந்த பளிங்கு மாதிரி தண்ணிதான் பிரச்சனையே.

நான் மடிப்பாக்கத்துல 9 வருஷமா மரைன் டேங்க் வச்சிருக்கேன், இதே ஆரஞ்சு ஸ்பாஞ்ச் என்கிட்ட 2 தடவை செத்திருக்கு, அதனால நீங்க எழுதினத படிக்கும்போது ஒவ்வொரு வரியும் எனக்கு தெரிஞ்ச கதையா இருந்துச்சு. ஸ்பாஞ்ச் ஒரு நாள்ல சாகாது, அதுக்கு வாய் கிடையாது வயிறு கிடையாது, உடம்பு பூரா கண்ணுக்கு தெரியாத ஓட்டை, அது வழியா தண்ணி உள்ள போகும், உள்ள இருக்கற செல்லு ஒவ்வொண்ணுலயும் ஒரு சாட்டையும் அத சுத்தி ஒரு காலரும் இருக்கும், சாட்டை தண்ணிய இழுக்கும், காலர் துகள புடிக்கும், மிச்ச தண்ணி மேல இருக்கற பெரிய ஓட்டை வழியா வெளிய வந்துடும். ஒரு நாளைக்கு தன் உடம்பு அளவுக்கு பல ஆயிரம் மடங்கு தண்ணிய இப்படி தள்ளிட்டு இருக்கும். அது புடிக்கறது பெரும்பாலும் பாக்டீரியா சைஸ்தான், 5 மைக்ரானுக்கும் கீழ (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). நீங்க கலக்கற பவுடர்ல பாதிக்கு மேல அதோட ஓட்டைக்குள்ளயே போகாது, அது மணல்ல விழுந்து அழுகி நைட்ரேட்டா மாறும், அவ்ளோதான். இன்னொரு பக்கம் ஸ்கிம்மர், சாக்ஸ், கார்பன் மூணும் சேர்ந்து அதோட சாப்பாட்ட இருபத்தி நாலு மணி நேரமும் வெளிய எடுத்துட்டு இருக்கு. சாப்பாடு கிடைக்கலன்னா ஸ்பாஞ்ச் தன் உடம்பையே கரைச்சு பிழைக்கும், அது வெளிய தெரியாது, கலர் அப்படியே இருக்கும், அதனாலதான் கடைலயும் நல்லா இருந்துச்சு உங்க வீட்லயும் ஒன்றரை மாசம் நல்லா இருந்துச்சு. வெள்ளை தெரியற அன்னிக்கு அது பட்டினில ரொம்ப தூரம் போயாச்சு.

வெளிய தூக்கினதும் ஒரு காரணமா இருக்கலாம். அந்த சின்ன குழாய்க்குள்ள காத்து புகுந்துட்டா பல ஸ்பாஞ்ச்களால வெளிய தள்ள முடியாது, அந்த இடத்துல தண்ணி ஓட்டம் நின்னு உள்ளயே அழுக ஆரம்பிக்கும். ஆனா உங்களுக்கு நுனில இருந்து, அதுவும் ரெண்டு மாசம் கழிச்சு வருதுன்னா எனக்கு பட்டினின்னுதான் தோணுது.

இப்ப உடனே பண்ண வேண்டியது: புது ப்ளேடு ஒண்ணு எடுத்துக்கோங்க, தண்ணிக்குள்ளயே வச்சு வெள்ளை முடியற இடத்துக்கு 1 சென்டிமீட்டர் கீழ, நல்ல ஆரஞ்சு கலர்ல வெட்டுங்க. பாவம் பாத்து வெள்ளையோட ஓரத்துல வெட்டினீங்கன்னா மறுபடி அங்க இருந்தே அழுகும், நான் அப்படித்தான் முதல் ஸ்பாஞ்ச விட்டேன். க்ளவுஸ் போட்டுக்கோங்க, சில ஸ்பாஞ்ச்ல கண்ணுக்கு தெரியாத ஊசி இருக்கு, கைல ஏறினா நாலு நாள் எரியும். வெட்டின துண்ட தண்ணிக்குள்ளயே கவர்ல புடிச்சு வெளிய எடுங்க, சாகற ஸ்பாஞ்ச்ல இருந்து விஷமும் வரலாம், அதனால ரெண்டு நாளைக்கு மட்டும் கார்பன் இருக்கட்டும், அப்புறம் எடுத்துடுங்க. மிச்சத்த லைட் நேரா படாத இடத்துல, பாறை நிழல்ல வைங்க. ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் வெளிச்சம் தேவையில்ல, வெளிச்சத்துல வச்சா மேல பாசி புடிக்கும், பாசி மூடினா ஓட்டை அடைஞ்சுடும். வேவ்மேக்கர் (அலை உண்டாக்கற பம்ப்) நேரா அடிக்க கூடாது, அதுக்காக தண்ணி அசையாத மூலையும் கூடாது, கிளை லேசா ஆடணும், தூசி தங்க கூடாது. தினம் ஒரு தடவை பிப்பெட்டால மெதுவா ஊதி விடுங்க.

சாக்ஸ எடுத்துடுங்க. ஸ்கிம்மர டைமர்ல போட்டு ராத்திரி 3 மணி நேரம் நிறுத்துங்க, அந்த நேரத்துல வேவ்மேக்கர் கட்டாயம் ஓடணும், மேல தண்ணி அசையலன்னா ஆக்சிஜன் குறையும். பழுப்பு படியறத பத்தி கவலையே படாதீங்க. போர் தண்ணில சிலிக்கேட் இருக்கும், டிஐ இல்லாத ஆர்.ஓ அத கொஞ்சம் விட்டுடும், அதுலதான் டயாட்டம்ங்கற பழுப்பு பாசி வளருது, ஆனா உங்க ஸ்பாஞ்ச் தன் எலும்புக்கூட்டுக்கு ஊசி செய்யறதும் அதே சிலிக்கேட்ல இருந்துதான். கண்ணாடிய துடைச்சுட்டு விட்டுடுங்க.

ஃபெதர் டஸ்டர் சாகல, குழாய தூக்கி போட்டுடாதீங்க. பயந்தாலோ பட்டினி இருந்தாலோ விசிறிய கழட்டி விட்டுடும், உள்ள புழு உயிரோட இருக்கும், சில வாரத்துல சின்னதா மறுபடி முளைக்கும். புழுவே குழாய விட்டு வெளிய வந்துட்டாதான் கஷ்டம். அதோட விசிறி ஸ்பாஞ்ச விட கொஞ்சம் பெரிய துகளும் புடிக்கும், அதனால அது ஈஸி.

இன்னொரு விஷயம், இது உங்ககிட்ட கட்டாயம் சொல்லணும்னு நினைச்சேன். லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் எடுத்து பாறைக்கு அடில, தண்ணி வழியற ஓவர்ஃப்ளோ பாக்ஸ்ல, சம்பு குழாய் ஓரத்துல பாருங்க. 14 மாச டேங்க்ல மஞ்சள், சாம்பல், வெள்ளைன்னு திட்டு திட்டா ஏதாவது ஒட்டிட்டு இருக்கும், குட்டி அன்னாசி மாதிரி 1 சென்டிமீட்டர்ல வெள்ளையா நிறைய இருந்தா அது சைகான். எல்லாமே ஸ்பாஞ்ச்தான், லைவ் ராக்ல (உயிர்ங்க ஒட்டியிருக்கற கடல் பாறை) வந்தது, உங்க டேங்க்ல என்ன கிடைக்குதோ அத சாப்பிட்டு பொழைக்க கத்துக்கிட்டது. 2013ல டி கூய்ங்கற டச்சுக்காரரும் அவர் கூட இருந்தவங்களும் கரீபியன்ல குராசாவோ தீவுல பண்ண ஆராய்ச்சி சயன்ஸ் பத்திரிகைல வந்துச்சு. பவளமும் பாசியும் தண்ணில விடற கரைஞ்ச கரிமப் பொருள, அதாவது துகளா கூட இல்லாத சத்த, பாறை இடுக்குல இருக்கற ஸ்பாஞ்ச் உறிஞ்சி எடுத்து, தன் பழைய செல்லா உதிர்த்து விடுதாம், அத மத்த பிராணிங்க சாப்பிடுதாம். சத்தே இல்லாத தெளிஞ்ச தண்ணில ஒரு பவளப்பாறை எப்படி இவ்ளோ உயிர தாங்குதுங்கறதுக்கு அது ஒரு பதில். நம்ம வீட்ல கார்பனும் ஸ்கிம்மரும் முதல்ல எடுக்கறதே அந்த கரைஞ்ச சத்ததான். நான் கார்பன மாசத்துக்கு 3 நாள்னு குறைச்ச வருஷம்தான் என் சம்புல மஞ்சள் ஸ்பாஞ்ச் கை அகலத்துக்கு பரவுச்சு, இப்பவும் ராத்திரி அத போய் பாத்துட்டுதான் படுப்பேன்.


முத்துச்சிப்பி எழுதியது:

அக்கா சொன்னது முழுக்க சரி. நான் தூத்துக்குடி பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகத்துல பாசி செக்ஷன்ல வேலை பாக்கேன், அதனால சாப்பாட்டு விஷயம் மட்டும் சொல்லுதேன்.

தம்பி, பவுடர விடுங்க, உயிரோட இருக்கற ஃபைட்டோ (மிதக்கற நுண்பாசி) வளத்து ஊத்துங்க. நானோக்ளோராப்சிஸ் 2ல இருந்து 4 மைக்ரான், ஐசோக்ரைசிஸ் 4ல இருந்து 6 மைக்ரான், ரெண்டும் ஸ்பாஞ்சுக்குள்ள போற சைஸ்தான். டெட்ராசெல்மிஸ் 10 மைக்ரானுக்கு மேல, அது ஃபெதர் டஸ்டருக்கு நல்லா ஆகும், ஸ்பாஞ்சுக்கு பெருசு. எங்க ஊர்ல முத்துச்சிப்பி குஞ்சுக்கு குடுத்ததும் ஐசோக்ரைசிஸ்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1973ல இங்க வளர்ப்பு முத்து எடுத்தாங்க, 1981ல பொரிப்பகத்துலயே சிப்பிக்குஞ்சு உண்டாக்கினாங்க, சிப்பியும் வடிகட்டி சாப்பிடற பிராணிதானே, அதுக்கு நல்ல பாசி கிடைச்ச பிறகுதான் குஞ்சு தேறிச்சு. ஸ்டார்ட்டருக்கு (வளக்க ஆரம்பிக்க ஊத்தற பாசித்தண்ணி) பொரிப்பகம் யாரையாவது தெரிஞ்சா கேளுங்க, நம்மள மாதிரி ஆளு ஒரு பாட்டில் குடுக்க மாட்டேன்னு சொல்ல மாட்டோம்.

வளக்கறது கஷ்டமில்ல, சுத்தம்தான் கஷ்டம். 2 லிட்டர் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில வெந்நீர் விட்டு கழுவி, ஆர்.ஓ தண்ணில புதுசா உப்பு கலந்து 1.019 வச்சுக்கோங்க, டேங்க் தண்ணிய எடுக்கவே எடுக்காதீங்க, அதுல கோபிபாட்ங்கற பொடி பிராணி இருக்கும், ஒரு வாரத்துல பாசிய தின்னு தீத்துரும். அஞ்சுல ஒரு பங்கு ஸ்டார்ட்டர், எஃப் பை டூங்கற பாசி உரம் பாக்கெட்ல சொன்ன அளவு, அடி வரைக்கும் போற மாதிரி கெட்டி குழாய்ல காத்து, நுனில ஏர்ஸ்டோன் வேணாம், சின்ன குமிழி பாசிய நுரையா ஓரத்துல ஒட்டிரும். மூடிய இறுக்காதீங்க. வெள்ளை எல்இடி ட்யூப் 16 மணி நேரம், வெயில்ல வைக்காதீங்க சூடாயிரும். ஏழெட்டு நாள்ல பாட்டிலுக்கு பின்னாடி விரல வச்சா தெரியாத அளவுக்கு பச்சை கெட்டியாகும், பாதிய எடுத்துட்டு பாதிக்கு புது உப்புத்தண்ணியும் உரமும் ஊத்துங்க. எடுத்தத ஃப்ரிட்ஜ்ல வச்சு தினம் ஒரு தடவை குலுக்குங்க, ரெண்டு வாரம் தாங்கும். மோந்து பாருங்க, கடல் வாசனையோட புல்லு வாசனை வந்தா நல்லது, அழுகின முட்டை வாசனை வந்தா சாக்கடைல ஊத்துங்க, காசு போச்சேன்னு டேங்க்ல ஊத்திராதீங்க. எப்பவும் ரெண்டு பாட்டில் தனித்தனியா ஓடட்டும், ஒண்ணு கெட்டுப் போறது நிச்சயம்.

உங்க 220 லிட்டருக்கு தினம் 20 மில்லில ஆரம்பிங்க, ஒரே நேரத்துல ஊத்தாம காலைல கொஞ்சம் ராத்திரி ஸ்கிம்மர் நிக்கும்போது கொஞ்சம். கடல்ல இதுங்களுக்கு சாப்பாடு வேளைக்கு வேளை வராது, நாள் பூரா துளி துளியா வந்துட்டே இருக்கும். ரெண்டு வாரம் நைட்ரேட் பாத்துட்டு ஏத்துங்க.


மண்டபம்_கரை எழுதியது:

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். இத படிக்கற வேற யாராச்சும் ராமேஸ்வரம் மண்டபம் பக்கம் டூர் வரும்போது பாறைல இருந்து ஸ்பாஞ்ச் பிச்சுட்டு போலாம்னு நினைக்க வேணாம். இங்க இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவும் சுத்தி இருக்கற கடலும் 1986ல இருந்து தேசிய பூங்கா. அது இல்லாம 2001லயே பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை, பெரிய கிளிஞ்சல் ட்ரிடாக்னா எல்லாத்தையும் 1972 வனவிலங்கு சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, சுண்ணாம்பு ஸ்பாஞ்ச் வகையும் அந்த லிஸ்ட்ல உண்டு. கடைல வாங்கும்போதும் எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க, பில் வாங்குங்க. சின்ன வயசுல நாங்க முட்டளவு தண்ணில பாத்த பாறையெல்லாம் இப்ப வெளுத்து கிடக்கு, இருக்கறத விட்டு வைங்க.


பனைமுனை எழுதியது:

வணக்கம் தம்பி. நான் ரொறன்ரோவில இருக்கிறன், ஊர் பருத்தித்துறை. நீங்கள் ஃப்ளேம் ஸ்காலப் எண்டு எழுதினதைப் பார்த்திட்டுத்தான் எழுத வந்தனான். தயவு செய்து இப்ப வாங்காதேங்கோ. நான் ரெண்டு முறை வச்சிருந்தனான், சிவப்புக் கரீபியன் இனம் ஒண்டு, பிறகு உதட்டில மின்னல் மாதிரி வெளிச்சம் ஓடுற இனம் ஒண்டு. அந்த வெளிச்சம் அது தானாய் உண்டாக்கிறது இல்லை, உதட்டின்ர ஒரு பக்கத்தில நுண்ணிய சிலிக்கா உருண்டையள் கிடக்குது, அது வெளிச்சத்தைத் தெறிக்க வைக்குது, மற்றப் பக்கத்தில இல்லை, உதட்டை விரிச்சு மடக்கேக்க மின்னுற மாதிரித் தெரியும், இதை 2014ல கண்டு எழுதினவை. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. ஆனா ரெண்டும் ஒரு வருசம் தாண்டேல்லை, முதல் வாயைச் சரியாத் திறக்காது, பிறகு ஒரு நாள் விரிஞ்சபடி கிடக்கும். அதுக்கு நாள் முழுக்கச் சாப்பாடு வேணும், எங்கட தொட்டியளால குடுக்கேலாது.

அதைவிட மோசமான அனுபவம் ஒண்டு இருக்குது. இங்க கடல் அட்டை வகையில கடல் அப்பிள் எண்டு ஒண்டு கடையில விக்கிறவை, ஊதா உடம்பு, மஞ்சள் கோடு, சிவப்புக் கை. உங்கட நாட்டில அது சட்டப்படி ஏலாது எண்டு மேல எழுதியிருக்கினம், நல்லது. நான் 400 லீற்றர் தொட்டியில வச்சிருந்தனான், ஏழு மாதம் கையை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது, ஆனா மெல்ல மெல்லச் சின்னனாப் போய்க்கொண்டு இருந்ததை நான் கவனிக்கேல்லை. ஒரு இரவு பம்பின்ர வாயில போய் அடைபட்டுச் செத்துப் போச்சுது, அதின்ர உடம்பில இருக்கிற நஞ்சு தண்ணியில கலந்து, விடிய எழும்பிப் பார்க்க ஒரு மீன் மிச்சமில்லை. அதில ஒண்டு என்ர மகள் பேர் வச்சு ஒன்பது வருசம் வளர்த்த மீன். பம்புக்கு வலை போட்டிருந்தா அது நடந்திருக்காது. பம்புக்கு நேர நகர்ந்து போற எந்தச் சீவனை வச்சாலும் முதல் வலையைப் போடுங்கோ.

வடிகட்டிச் சாப்பிடுற ஒண்டைக் கிட்ட இருந்து பார்க்கிற ஆசை எனக்கும் விளங்குது. அதுக்குப் போர்சலின் நண்டு வாங்குங்கோ, அனிமனி நண்டு எண்டும் சொல்லுவினம். வாய்க்குப் பக்கத்தில இருக்கிற ரெண்டு விசிறியை வீசி வீசித் தண்ணியை வாரும், விழுந்த மீன் சாப்பாட்டையும் எடுத்துத் தின்னும், அதால பட்டினி கிடக்காது. ஸ்பாஞ்ச்தான் வேணும் எண்டா நீல நிறத்தில தகடு மாதிரி வளருற ஒரு இனம் இருக்குது, அதுக்குள்ள சயனோபக்ரீரியா இருந்து வெளிச்சத்தில சாப்பாடு செய்து குடுக்கும், என்ர தொட்டியில நாலு வருசமா இருக்குது, நடுத்தர வெளிச்சம் காணும். ஏஞ்சல் மீன் மட்டும் விடாதேங்கோ. பெரிய ஏஞ்சல்களுக்குக் கடல்ல ஸ்பாஞ்ச்தான் முக்கியச் சாப்பாடு.


நொய்யல்_ரீஃப் எழுதியது:

ஏழு வாரம் கழிச்சு எழுதறேன், அன்னிக்கு பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. உப்புத்தண்ணி அக்கா சொன்ன மாதிரி அன்னிக்கு ராத்திரியே வெட்டினேன், கை நடுங்குச்சு. ஒரு கிளை அதுக்கப்புறமும் அடி வரைக்கும் வெள்ளையாகி போச்சு, அத முழுசா எடுத்துட்டேன். இன்னொரு கிளை மூணு வாரம் கழிச்சு போச்சு. மிச்சம் இருக்கற ஒரு கிளை மட்டும் நிழல்ல நிக்குது, வெட்டின இடம் மூடி ஆரஞ்சா உருண்டு வந்திருக்கு, போன வாரம் அதோட அடில பாறை மேல கால் அங்குலம் புதுசா பரவியிருக்கு. ஃபெதர் டஸ்டர் 19ஆவது நாள் விசிறி விட்டுச்சு, பழசுல பாதிதான் இருக்கு, ஆனா நிழல் பட்டா சட்டுனு உள்ள போகுது.

ஃபைட்டோ முத்துச்சிப்பி அண்ணன் தயவுல கிடைச்சுது, முதல் பாட்டில் அஞ்சாம் நாளே வெளுத்து போச்சு, சமையல் ரூம் ஜன்னல் ஓரத்துல வச்சிருந்தேன் மத்தியான வெயில் பட்டுருச்சு, ரெண்டாவது நல்லா வந்துச்சு. டார்ச் அடிச்சு பாத்தேன் அக்கா. ஓவர்ஃப்ளோ பாக்ஸ்ல மட்டும் அந்த குட்டி அன்னாசி நாப்பதுக்கு மேல எண்ணினேன், பாறை அடில வெளிர் மஞ்சள்ல ஒரு திட்டு. 14 மாசமா என் வீட்ல இருந்திருக்கு, நான் குனிஞ்சு பாத்ததே இல்ல. வீட்டுக்காரம்மாவையும் எழுப்பி காட்டினேன்.

ஒரே கவலை, 20 மில்லில ஆரம்பிச்சு இப்ப 50 மில்லிக்கு வந்துட்டேன், நைட்ரேட் 20 காட்டுது, பாஸ்பேட்டும் 0.1 ஆச்சு. ஃபைட்டோவ குறைக்கறதா, ஸ்கிம்மர முழு நேரம் விடறதா?


உப்புத்தண்ணி எழுதியது:

அடில பரவுதுன்னா அது உங்க டேங்க்ல நிக்க முடிவு பண்ணிடுச்சு தம்பி, எனக்கு அது வந்ததே இல்ல, படிச்சதும் அவ்ளோ சந்தோஷம்.

ஸ்கிம்மர தொடாதீங்க. ஃபைட்டோவ 35க்கு இறக்குங்க, வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துங்க, சம்புல ஒரு அறைய காலி பண்ணி கேட்டோமார்ஃபா பாசி போட்டு ராத்திரி முழுக்க ஒரு லைட் போடுங்க, ரெண்டு மூணு வாரத்துல நைட்ரேட் இறங்க ஆரம்பிக்கும். கேட்டோவுக்கு கடை தேடி அலைய வேணாம், என்கிட்ட ரெண்டு பிடி அதிகமாவே வளந்து கிடக்கு. என் தம்பி வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல கோவை வர்றான், டேங்க் தண்ணியோட டப்பால போட்டு குடுத்து விடறேன். காந்திபுரத்துல காலைல 6 மணிக்கு வந்து வாங்கிக்கோங்க, டேங்க்ல போடறதுக்கு முன்னாடி நல்லா உதறுங்க, அதுக்குள்ள என் வீட்டு ஆம்ஃபிபாடும் (குட்டி இறால் மாதிரி பிராணி) நாலஞ்சு வரும், அதுங்க இருந்தா நல்லதுதான்.